மூன்றரை இஞ்சு

சித்ரகலா ஆட்டோவில் ஏறுவாள். டவுன் பஸ்ஸில் ஏறுவாள். தன் அண்ணன் காரில் உட்கார்ந்து கோவை வரைக்கும் போய் வருவாள். கட்டிய புருஷன் ஓட்டுகிற வண்டியில் மட்டும் ஏற மாட்டாள். மூன்று வருஷமாக மோகன்ராஜைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்த விஷயம் இது ஒன்றுதான்.

மாட்டேன் என்று அவள் வாயைத் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "நீங்க முன்னால போங்க, நான் பொறகால வர்றனுங்க" என்பாள், அவ்வளவுதான். கல்யாணமோ காதுகுத்தோ, இவன் பைக்கில் தனியாகப் போய் மண்டப வாசலில் நிற்பான். அரைமணி கழித்து அவள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பார்க்கிற சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? ஒன்றுக்குப் பத்தாகப் பேசினார்கள். பேசட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். வண்டியில் பக்கத்து சீட் காலியாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. காரை விற்றதே அதற்காகத்தான்.

நடந்தது இதுதான். தாராபுரம் ரோட்டில் இருவரும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து போன். சாம்பிள் பனியனில் கழுத்து அகலம் கூடிவிட்டது, சரக்கு வாங்குகிற பையர் கத்துகிறான் என்று ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பையன் அழாத குறையாகப் பேசினான். மோகன்ராஜ் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன் என்று பதில் சொல்லிக்கொண்டே போய் ஓடைப் பாலத்துச் சுவரில் மோதினான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு இடது முழங்கால் சில்லு உடைந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கையைக் காட்டி லாரியை நிறுத்தியவன் அவன்தான். அன்றைக்குப் பிறகு ஓட்டும்போது போனைத் தொட்டதில்லை. தப்புக்கு மேல் தப்பு செய்கிற ஆள் இல்லை என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

மோகன்ராஜ் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். கடல் கடந்து வருகிற அளவுத் தாளைப் பார்த்து, கண்ணால் காணாத மனுஷனின் தோளுக்கும் இடுப்புக்கும் அட்டை வெட்டித் தருகிற வேலை. எதிரில் வருகிறவரை ஒரு பார்வை பார்த்தாலே, "எல் சைஸு, கை மட்டும் அரை இஞ்சு நீளம்" என்பான். சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு. அதோடு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனுஷன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றுவான். இனிமேல் குத்துக்கால் வைத்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, ஆள் பிடித்து, பழைய கழிப்பறையை உடைத்து, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் நாற்காலி மாதிரி உட்காருகிற கழிப்பறையாக மாற்றிவிட்டான். வந்து பார்த்தவள், "நல்லாருக்குங்க" என்றாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், "பரவால்லீங்க" என்பாள். நாலு மாதம் அண்ணிகூடப் போய்க் காலுக்குப் பயிற்சி எடுத்தாள். அப்போது அவனுக்கு ஷிப்மென்ட் நெருக்கடி. வீட்டுக்குள் அவள் நடக்கிறாள், சமைக்கிறாள், துணி காயப்போடுகிறாள். அப்புறம் என்ன?

அப்புறம்தான் ஜிப்ஸி வந்தது.

உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பழைய ஜிப்ஸி. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி. வயசு இருபத்தைந்துக்கு மேல். மோகன்ராஜ் அதைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போட்டான். அவர்கள் குலதெய்வம் கருப்பணசாமி, மலையடிவாரத்தில் பாறைக் குன்றாக நிற்கிற ஒரு கரட்டு மேல் இருக்கிறார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் பாறையும் பள்ளமும். டிராக்டரில்தான் சனங்கள் போவார்கள். விபத்துக்குப் பிறகு சித்ரகலா அங்கே போகவே இல்லை. டிராக்டர் ஆகாதுங்க என்று சொல்லி, தேங்காயும் சூடமும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். குலுக்கலுக்குப் பயப்படுகிறாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். சரி, எது வந்தாலும் கவிழாத, எதில் மோதினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாத வண்டி ஒன்றைக் கட்டி, அந்தக் கரட்டு மேலேயே கொண்டுபோய் நிறுத்தினால்? அப்போதாவது பக்கத்தில் உட்காருவாள் அல்லவா? நல்ல கணக்குத்தான்.

தாராபுரம் ரோட்டில், கோவில்வழி ஸ்டாப்புக்கு அந்தண்டை ஜெபக்குமாரின் பட்டறை. சாத்தான்குளத்துக்காரன், பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, மெஷின் சத்தம் ஒத்துவராமல் மெக்கானிக் ஆனவன். ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மோகன்ராஜ் அங்கேதான் கிடந்தான். துரு ஏறிய தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள். வண்டி உருண்டாலும் கூரை நசுங்காதபடி உள்ளே கனமான குழாய்க் கூண்டு பற்றவைத்தார்கள். முன்னால் இரும்பு பம்பர், சேற்றைப் பிடிக்கிற பல் டயர், இழுத்துக் கட்ட கொக்கி. ஜெபக்குமார் ஒரு போல்ட்டை முடுக்குவதற்குள் மோகன்ராஜ் அடுத்த போல்ட்டை எடுத்துக்கொண்டு நிற்பான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் உக்காருங்க. நீங்க நிக்கித வேகத்துல எனக்குக் கை நடுங்குது" என்பான் ஜெபக்குமார்.

பக்கத்து சீட்டுக்கு மட்டும் நாலு தடவை அளவு மாற்றினான். பெல்ட் தோளில் எங்கே விழ வேண்டும், முதுகு எங்கே சாய வேண்டும், எல்லாம் மனசிலிருந்தே சொன்னான்.

"அக்காவ ஒரு நா கூட்டியாங்களேன். உக்கார வெச்சுப் பாத்துருவோம்" என்றான் ஜெபக்குமார்.

"இருவத்திரெண்டு வருசமா ஒரே ஊட்ல இருக்கறேன். அவ அளவு எனக்குத் தெரியாதா? நீ வெல்டிங்கைப் பாரு."

ஜெபக்குமார் வெல்டிங்கைப் பார்த்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை. அவன் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவள் நாற்காலியில். சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வர்ற ஞாயிறு உட்டு அடுத்த ஞாயித்துக்கெழம கருப்பணசாமிக்குப் பொங்கல் வெக்கறாங்களாமா. அதுக்குள்ள உங்க வண்டி ரெடியாயிருமுங்களா?"

மோகன்ராஜுக்குப் புரை ஏறிவிட்டது. "ஏன்?"

"ரெடியாச்சுன்னா அதுலயே போயிட்டு வந்தரலாமுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே இன்னொரு வார்த்தை கேட்டால் மனசை மாற்றிக்கொள்வாளோ என்று, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பிவிட்டான். சாயங்காலம் கோவை ஹாஸ்டலிலிருந்து மகள் சண்முகப்பிரியா போன் செய்தாள். "அம்மா ரெண்டு நாளா எங்கிட்ட இதையேதான் பேசறாங்கப்பா. பயமாத்தான் இருக்காம். இருந்தாலும் உங்ககூட வர்றாங்களாம். தயவுசெஞ்சு மெதுவா ஓட்டுங்க."

பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவன் ஒரு நிலையில் இல்லை. கம்பெனியில் குழந்தைகள் டீசர்ட்டுக்குப் பெரியவர் கழுத்து வெட்டி வைத்தான். செக்கிங்கில் இருக்கிற மருதம்மாள் அதைத் தூக்கிக் காட்டி, "ஏனுங்க மாஸ்டர், இதுல ரெண்டு தலை போகுமுங்களே" என்றாள். மொத்த ஹாலும் சிரித்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி எப்போது ஐந்தாகும், பட்டறைக்கு எப்போது போவோம் என்றிருந்தது.

வண்டியில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: உயரம். கரட்டுப் பாறை அடிவயிற்றில் இடிக்காமல் இருக்க, ஸ்பிரிங் பட்டையை மாற்றி வண்டியைத் தூக்க வேண்டும்.

"ரெண்டு இஞ்சு போதும்" என்றான் ஜெபக்குமார்.

"மூணரை வெய்யி."

"எதுக்கு அண்ணாச்சி?"

"புதுப் பட்டை போகப்போக அமுங்கி உக்காரும்னு நீதான சொன்ன? துணியும் அப்படித்தான். தொவைச்சா சுருங்கும்னு தெரிஞ்சே கூட்டித்தான் வெட்டுவோம். இல்லீனா பையர் கையில போறப்ப கட்டையாயிரும். ஒண்ணரை இஞ்சு ஷ்ரிங்கேஜ். உக்காந்தா சரியா ரெண்டு நிக்கும்."

ஜெபக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "இது பனியன் இல்ல அண்ணாச்சி, ஒரு அலசுல சுருங்குததுக்கு. பட்டை உக்கார வருசமாவும். அதுவும் அரை இஞ்சு உக்காந்தா பெருசு. சொல்லுதேன் கேளுங்க, ஏற்கெனவே டயர் ஒரு இஞ்சு ஏத்திருக்கு. இதுக்கு மேல தூக்குனா ஓட்டுத ஆளுக்கும் கஷ்டம், ஏறுத ஆளுக்கும் கஷ்டம்."

"பாறையில அடிபட்டு வண்டி நின்னுருச்சுன்னா? அவ உள்ள உக்காந்திருக்கறப்ப நின்னுருச்சுன்னா? உனக்கென்ன, நீ சொல்லிப்போட்டுப் போயிருவ."

"அப்ப ஏறுததுக்குப் பக்கவாட்டுல ஒரு படியாவது வெச்சுத் தாரேன்."

"படி வெச்சா மொத அடி அதுலதான் விழுகும். பிச்சுக்கிட்டுப் போயிரும். வேண்டாம்."

பிடித்தால் பிடித்த பிடிதான். அந்த மூன்றரை இஞ்சுக்காகப் பிரேக் ஹோஸ் குழாயை நீளமாக மாற்ற வேண்டியிருந்தது, சக்கரத்தைச் சுழற்றுகிற புரப்பல்லர் ஷாப்டில் துண்டு சேர்க்க வேண்டியிருந்தது, இரண்டு நாள் கூடுதலாக ஆனது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான் ஜெபக்குமார். வேலை முடிந்து இறக்கி வைத்தபோது வண்டி மற்ற வண்டிகளுக்கு நடுவே சேவல் மாதிரி நின்றது. மோகன்ராஜ் சுற்றிச்சுற்றி வந்தான். இந்த உயரத்தில் அவளை உட்கார வைத்துக் கூட்டிப்போனால், எதிரில் லாரியே வந்தாலும் அவளுக்குச் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தான்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஜெபக்குமாரை இழுத்துக்கொண்டு அதே கரட்டுக்கு ஒத்திகைக்குப் போனான். காற்றாலைகளைத் தாண்டி, தோப்புகளைத் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திச் சின்ன லீவரைத் தள்ளினான். நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டன. முதல் மேட்டிலேயே வழக்கமான புத்தி: ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றிக் கல் பறந்தது, வண்டி பின்னால் வழுக்கியது.

"கால எடுங்க" என்றான் ஜெபக்குமார்.

"எடுத்தா நின்னுருமே."

"நிக்காது. எடுத்துப் பாருங்க."

எடுத்தான். என்ன ஆச்சரியம், வண்டி தானாகப் பாறை மேல் காலை வைத்து, யோசித்து, அடுத்த காலை வைத்து, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஏறியது. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் வேலை. மோகன்ராஜுக்கு அது எத்தனை பெரிய பாடு என்று அவனுக்குத்தான் தெரியும். தொடை இரண்டும் துடித்தன. உச்சியில் கோயில் மரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது சட்டை நனைந்திருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து சீட்டைத் தட்டி, "நாளைக்கு இங்க உக்காந்திருப்பா" என்றான். ஜெபக்குமார் இறங்கினான். இறங்கவில்லை, குதித்தான். அத்தனை உயரம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே மோகன்ராஜ் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான். சித்ரகலா குளித்து, அரக்குச் சேலை கட்டி, பூ வைத்து, பொங்கல் பானையும் அரிசியும் வைத்த கூடையோடு வந்தாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நடந்து வந்தாள். நேராக முன்பக்கம், அவன் பக்கத்து சீட்டுக்கே வந்தாள். மோகன்ராஜ் கூடையை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தான்.

வண்டியின் தரை அவள் தொடை உயரத்தில் இருந்தது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினாள். பாதி கூட வரவில்லை. கீழே வைத்துவிட்டு, சேலையைச் சற்று ஏற்றிச் செருகிக்கொண்டு, வலது காலைத் தூக்கி வைத்தாள். அது போனது. ஆனால் இப்போது உடம்பு முழுக்க இடது காலில் நிற்கிறது. அந்தக் கால் மடங்கி உந்தினால்தான் மேலே போக முடியும். அது மடங்கவில்லை. ஒரு தடவை எக்கினாள். இரண்டாவது தடவை எக்கினாள். மெல்ல வலது காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இரு, இரு, தூக்கி விடறேன்" என்று பதறினான்.

"வேண்டாமுங்க."

அதைக் காதில் வாங்கினால்தானே. வீட்டுக்குள் ஓடிப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து போட்டான். "இதுல காலை வெச்சு ஏறிரு. அவ்வளவுதான். நாளைக்கே ஒரு படி வெக்கச் சொல்லிடறேன். ஒரு மணி நேர வேலை. ஜெபாவுக்குப் போன் பண்ணினா இப்பவேகூட..." பேசிக்கொண்டே குனிந்து ஸ்டூலின் காலை மண்ணில் அழுத்தினான், கதவைத் தள்ளிப் பார்த்தான், சீட்டைப் பின்னால் இழுத்தான். அவள் அந்த ஸ்டூலில் ஏறவில்லை. அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க" என்றாள்.

"ம்?"

"என்ற காலு எவ்வளவு மடங்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவன் கை கதவிலேயே நின்றுவிட்டது. எல்லாருடைய அளவும் தெரிந்தவன். தோள் தெரியும், இடுப்பு தெரியும், பெல்ட் எங்கே விழும் என்று நூல் பிடித்த மாதிரி தெரியும். இது தெரியவில்லை.

"அண்ணன் கார்ல எப்படி ஏறறேன்னு பாத்திருக்கீங்களா? மொதல்ல திரும்பி நின்னு சீட்ல உக்காந்துக்குவேன். அப்புறந்தான் காலைக் கையில தூக்கி உள்ள வெப்பேன். பஸ்ஸுல ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஏறுவேன். கண்டக்டர் தம்பி விசில் அடிக்காம நிப்பான். அவனுக்குத் தெரியுது."

"நீ சொல்லியிருக்கலாம்ல, சித்ரா."

"ஆமாங்க, சொல்லியிருக்கலாம்." ஏற்றிச் செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லாம வெச்சிருக்கறனுங்க. இன்னைக்குச் சொல்லிடறேன். நான் உங்க வண்டியில ஏறாதது பயத்துல இல்லீங்க. அன்னைக்குப் பாலத்துல இடிச்சுதில்லீங்களா? நீங்க எறங்கினீங்க. எறங்கி நேரா முன்னால போய்க் குனிஞ்சு பாத்தீங்க. 'ரேடியேட்டர் போச்சு'ன்னு சொன்னீங்க. அப்புறந்தான் என்ற பக்கம் வந்து கதவத் தொறந்தீங்க."

மோகன்ராஜுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருந்தது, லாரியை நிறுத்தியது ஞாபகம் இருந்தது. இது இல்லை. இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் புகை கக்குகிற முன்பக்கம் கண் முன்னால் வந்தது. எதிரில் குனிந்து நின்றால்தானே அப்படித் தெரியும்? வாயை மூடிக்கொண்டான்.

"ரெண்டு நிமிசம்கூட இருக்காதுங்க. வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லல. மூணு வருசமா அதைய முழுங்கப் பாக்கறேன், எறங்க மாட்டேங்குது. ஆறு மாசமா நீங்க இதுக்குப் பாடுபடறதப் பாத்துட்டு, சரி, விட்டுருவோம்னு மனசத் தேத்திக்கிட்டுத்தானுங்க இன்னைக்கு வெளிய வந்தேன்." நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள். "வந்து பாத்தா, மறுபடியும் வண்டியத்தான பாத்திருக்கீங்க."

அவள் அழுதாள். அவனும் அழுதான். நாற்பத்தாறு வயசு ஆம்பிளை, தெருவில் பால்காரன் போகிறான், எதிர்வீட்டில் கோலம் போடுகிறார்கள், ஒன்றும் தோன்றவில்லை. எப்போதும் அவனுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மோட்டார். ஜெபாவைக் கூப்பிடு, படி வை, பட்டையைக் கழற்று என்று அது அப்போதும் இரைந்துகொண்டுதான் இருந்தது. ஓடிப்போய் எதையாவது செய்யச் சொல்லிக் கை பரபரத்தது. அவன் ஓடவில்லை. அவள் முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"காட்டு" என்றான்.

சித்ரகலா தயங்கினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இடது பாதத்தை நீட்டினாள். அவன் ஒரு கையில் குதிகாலைத் தாங்கி, மறு கையை முழங்காலின் மேல் வைத்து, மெல்ல மடக்கினான். உள்ளே எலும்பு நறநறத்தது கையில் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. இன்னும் வரும் என்று எதிர்பார்த்திருந்தான். வரவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குமுங்க. தெனமும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க. இனி இதுக்கு மேல வராதுன்னு அந்த டாக்டரே சொல்லிட்டாரு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மணியாகுது. ஆறே முக்கால் பஸ்ஸப் புடிச்சா உடுமலையில மாறிக்கலாம். எறங்கி முடியற வரைக்கும் நடக்கறேன். முடியாட்டி அங்கிருந்தே சாமியக் கும்புட்டுக்கறேன். நீங்க எப்படி வர்றீங்க?"

"உன்கூடத்தான்" என்றான்.

அவள் எழுந்திருக்க வேண்டும். அவன் அவசரப்பட்டுக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எப்படி எழுந்திருப்பாள் என்று பார்த்தான். அவள் வலது காலை முதலில் ஊன்றினாள். ஒரு கையை ஸ்டூலின் விளிம்பில் முட்டுக் கொடுத்தாள். இடது காலை நேராக முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். அத்தனை நேரமும் அவன் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.